அப்பா அம்மாவின் பணக் கணக்கை முதன்முறையாகக் கையில் எடுக்கிறவர்களுக்கு

ஓய்வு பெற்ற அப்பாவுக்கோ, அப்பா போனபின் தனியாகிவிட்ட அம்மாவுக்கோ பண விஷயத்தில் உதவ உட்காரும் பிள்ளைகள் பெரும்பாலும் "எதுல போட்டா வட்டி அதிகம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய கேள்வி. மாதம் பிறந்தால் அவர் பெயரில், அவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதை முதலில் கேளுங்கள். சொந்த வீட்டில் இருந்துகொண்டே மாத்திரை வாங்க மகனிடம் காசு கேட்டு நிற்கும் பெரியவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். சொத்துக் கணக்கு வேறு, கைக்காசுக் கணக்கு வேறு. இங்கே சொல்வதெல்லாம் இரண்டாவதைப் பற்றி, தமிழ்நாட்டில் வசிக்கும் பெரியவர்களை மனதில் வைத்து.

பையைக் கொட்டுங்கள்

பீரோவில் துணிகளுக்கு அடியில் ஒரு மஞ்சப்பை இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அவர் முன்னாலேயே, அவர் அனுமதியோடு கொட்டுங்கள். பாஸ்புக், டெபாசிட் ரசீது, எல்ஐசி பத்திரம், பட்டா, கிரயப் பத்திரம், ஓய்வூதிய ஆணை, ரேஷன் கார்டு, எப்போதோ கட்டி மறந்துபோன தபால் ஆபீஸ் ஆர்டி புத்தகம் எல்லாம் வரும். ஒரு நீள நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எந்த வங்கி, எந்தக் கிளை, யார் பெயர், எப்போது முதிர்கிறது, நாமினி யார் என்று எழுதுங்கள். நோட்டு அவரிடமே இருக்கட்டும். உங்கள் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வேலையில் நிச்சயம் ஒரு சிக்கல் தலைகாட்டும், பெயர். அம்மாவின் பழைய பாஸ்புக்கில் தாத்தாவின் இனிஷியல், ரேஷன் கார்டில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் இனிஷியலே இல்லாமல் கணவர் பெயர் முழுசாகப் பின்னால். மூன்றும் ஒரே ஆள் என்று ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிறந்த தேதியும் அப்படித்தான். நாள் தெரியாத பலருக்கு ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள், சிலருக்கு வருடமே இரண்டு மூன்று தள்ளிப் போயிருக்கும். ஆதார், பான், பாஸ்புக் மூன்றிலும் பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றாக்குவதை முதல் மாதமே முடித்துவிடுங்கள். அவசரம் வந்தபின் இதற்காக அலைவது கொடுமை.

அப்புறம் நாமினி. அப்பாவின் கணக்கில் அவருடைய அம்மா பெயர், அதாவது இறந்துபோன உங்கள் பாட்டியின் பெயர், இன்னமும் நாமினியாக இருப்பது அதிசயமில்லை. மாற்றுங்கள். 2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவர். நாமினி ஆனதாலேயே பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1984இலேயே ஒரு எல்ஐசி பாலிசி வழக்கில் சொல்லிவிட்டது. அண்ணன் தம்பிகளுக்குள் இதைப் பேசி வைப்பது நல்லது. கணவன் மனைவி கணக்கைப் பொறுத்தவரை, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் போனால் மற்றவருக்கு என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றிவிட்டால் பின்னால் வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகம் ஏறும் வேலை குறையும்.

உரிமையாக வர வேண்டியது வருகிறதா

அரசு வேலை பார்த்தவர்களுக்கு ஓய்வூதியம் தானாக வந்துவிடும். கோட்டை விடுவது தனியார் கம்பெனி, மில், கூட்டுறவுச் சங்கம் என்று பி.எஃப். பிடித்த இடங்களில் வேலை பார்த்தவர்கள்தான். பி.எஃப். பணத்தை எடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பத்து வருடப் பணிக்காலம் இருந்தால் 58 வயதில், பி.எஃப்.போடு சேர்ந்த 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் மாத ஓய்வூதியம் உண்டு. அவர் இறந்தால் மனைவிக்கு அதில் பாதி வரும். குறைந்தபட்சத் தொகை 2014இல் நிர்ணயித்த 1,000 ரூபாய்தான், சிரிப்பு வரும் தொகை. ஆனாலும் அது ஆயுள் முழுக்க வரும் காசு. பழைய பி.எஃப். எண்ணைத் தேடுங்கள்.

எந்த ஓய்வூதியமாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம், 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடும். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு அவர்கள் ஓய்வு பெற்ற மாதம். பி.எஃப். ஓய்வூதியர்கள் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், அன்றிலிருந்து ஒரு வருடம் செல்லும். விட்டால் பணம் நின்றுவிடும். இதில் பெரியவர்கள் படும் பாடு கைரேகையில்தான். ஐம்பது வருடம் நாற்று நட்ட, பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? இயந்திரத்தில் வைத்து, துடைத்து, மறுபடி வைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி மறுபடி வைத்து, கடைசியில் "நாளைக்கு வாங்க பாட்டி" என்பார்கள். முகத்தைப் படம் பிடித்து அடையாளம் காணும் செயலி வந்துவிட்டது, ஜீவன் பிரமாண் என்று பெயர். ஆண்ட்ராய்டு போனில் நீங்களே வீட்டில் வைத்து முடித்துவிடலாம். வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள், கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள், கண்ணைச் சிமிட்டச் சொல்லும்போது சிமிட்டச் சொல்லுங்கள். போன் பழக்கம் இல்லையென்றால் தபால்காரரே சிறு கட்டணத்துக்கு வீட்டுக்கு வந்து செய்து தருவார்.

எந்த ஓய்வூதியமும் இல்லாத, வேறு ஆதரவும் இல்லாத ஏழைப் பெரியவர்களுக்கு முதியோர் உதவித்தொகை. இந்த மாநிலத்தில் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. 60 வயது முடிந்திருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், புகைப்படத்தோடு பதிவு செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள், உத்தரவு போடுவது சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியர். விசாரணைக்கு வரும் நாளில் பெரியவர் வீட்டில் இருப்பது முக்கியம். "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதிவு எண் உள்ள சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மாதக்கணக்கில் பதிலே இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். வாய்மொழியாக விசாரிப்பதைவிட அந்த மனுவுக்கு மதிப்பு அதிகம். விதவை, கணவனால் கைவிடப்பட்டவர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்குத் தனித்தனித் திட்டங்கள் இருப்பதால் எந்தப் பிரிவில் போட்டால் சுலபம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டட வேலை, தையல், ஆட்டோ என்று அமைப்புசாராத் தொழில் செய்பவர்கள் 60 ஆவதற்குள் நலவாரியத்தில் பதிந்து புதுப்பித்து வந்தால் வாரிய ஓய்வூதியம் உண்டு. 59 வயதுக்காரர் யாராவது வீட்டில் இருந்தால் இன்றே அட்டையை எடுத்துப் பாருங்கள்.

மொத்தப் பணத்தை மாதக் காசாக்குவது

இப்போதுதான் வட்டிக் கேள்வி. கிராஜுவிட்டி, பி.எஃப்., நிலம் விற்ற பணம் என்று ஒரு மொத்தத் தொகை கையில் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது தபால் ஆபீஸிலும் வங்கிகளிலும் இருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 60 வயது தாண்டியவர்கள் சேரலாம். 55க்கு மேல் ஓய்வு பெற்றவர்கள், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். ஒருவருக்கு அதிகபட்சம் 30 லட்சம், ஐந்து வருடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது. காலாண்டுதோறும் அரசு அறிவிப்பதால், சேரும் நாளில் என்ன விகிதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்த அன்றைய விகிதம் ஐந்து வருடமும் மாறாது.

இரண்டாவது, தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டம். தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் 7.4 சதவீதம் ஆக்கினார்கள். பெயருக்கேற்ப மாதாமாதம் வட்டி வரும்.

கையில் 12 லட்சம் இருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 8 லட்சத்தை முதல் திட்டத்தில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 16,400 ரூபாய். 3 லட்சம் மாத வருமானத் திட்டத்தில், மாதம் 1,850. ஒரு லட்சம் சேமிப்புக் கணக்கிலேயே, ஆஸ்பத்திரி அவசரத்துக்கு. சராசரியாக மாதம் 7,300 ரூபாய் அளவுக்கு வரும். பெரிய வருமானம் இல்லைதான், ஆனால் பால், மாத்திரை, கேபிள், கோயில் உண்டியல் எதற்கும் யாரையும் கேட்க வேண்டாம். விலைவாசி ஏறும், இந்த 7,300 ஏறாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். வருவதை முழுசாகச் செலவழிக்காமல் முடிந்ததை ஒதுக்கச் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டிய சில நுணுக்கங்கள். மூத்த குடிமக்கள் திட்டத்து வட்டியை எடுக்காமல் விட்டால் அதற்கு மேல் வட்டி ஏறாது. எனவே சேமிப்புக் கணக்குக்குத் தானாக மாறும்படி எழுதிக் கொடுங்கள். ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வாங்கிய வட்டியையே திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாவது வருடத்தில் அசலில் ஒன்றரை சதவீதமும், அதற்குப் பிறகு ஒரு சதவீதமும் போகும். ஐந்து வருடம் முடிந்தும் அப்படியே விட்டால் வெறும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். மூன்று வருட நீட்டிப்புக்கு நீங்கள்தான் போய் எழுதிக் கொடுக்க வேண்டும், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வங்கி டெபாசிட்டில் மூத்த குடிமக்களுக்குப் பெரும்பாலும் அரை சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள். ஒரு வங்கி முழுகினால் ஒருவருக்கு அந்த வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. அதனால் சின்ன வங்கியில் மொத்தமாகக் கொட்டாதீர்கள். வங்கிக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை: டெபாசிட் போடப் போன பெரியவர் கையில் காப்பீட்டு பாலிசியோடு திரும்புவது வாடிக்கையாகிவிட்டது. "அஞ்சு வருஷம் கட்டுனா போதும் சார்" என்று ஏதாவது காதில் விழுந்தால் அது டெபாசிட் இல்லை என்று புரிந்துகொண்டு எழுந்து வந்துவிடலாம். கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தாலும் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

வரி விஷயம் இந்த அளவு வருமானக்காரர்களுக்குச் சுருக்கமானதே. 2025 ஏப்ரலிலிருந்து மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் வருட வட்டி ஒரு லட்சம் தாண்டினால்தான் வரி பிடிப்பார்கள். தாண்டியும், மொத்தத்தில் வரி கட்ட வேண்டியதில்லை என்றால் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். முன்பு 15எச் என்று அழைத்த படிவம் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பான் இல்லாவிட்டால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

மருத்துவச் செலவு

சேமிப்பை ஒரே வாரத்தில் காலி செய்வது இதுதான். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் பதிவு மையத்துக்குப் பெரியவரையும் கூட்டிப் போக வேண்டும். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை செல்லும்.

தனியார் காப்பீடு எடுக்கிறீர்கள் என்றால், சர்க்கரை, பிரஷர் இருப்பதை மறைக்காதீர்கள். பாலிசி எடுக்கும்போது மறைத்தது பில் வரும்போது வெளியே வரும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடக் காத்திருப்பு. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருடம் 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்றுவதென்றால் கம்பெனிகள் முதலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22லிருந்து இல்லை. பழைய கணக்கைச் சொல்லி யாராவது விற்க வந்தால் இரண்டையும் கேளுங்கள்.

வீட்டை எழுதிக் கொடுப்பது

மற்ற எதில் தவறினாலும் சரிசெய்துகொள்ளலாம், இதில் கஷ்டம். "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம், எப்படியும் உங்களுக்குத்தானே" என்று அம்மா சொல்வார். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொல்கிறார். நீங்கள் நல்ல பிள்ளையாக இருந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

குடும்பத்துக்குள் வீட்டை மாற்ற இரண்டு வழிகளைத்தான் ஊரில் பேசுவார்கள். ஒன்று செட்டில்மென்ட், இன்னொன்று உயில். செட்டில்மென்ட் பத்திரம் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். கொடுத்தவர் அந்த நிமிடம் முதல் அந்த வீட்டில் விருந்தாளி. உயில் அவர் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, பதிவு செய்வது நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும், சொத்து பெறுகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது. செட்டில்மென்ட்டுக்குச் செலவு குறைவு, 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 10,000 என்பதால் பத்திரம் எழுதுபவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். செலவு குறைவு யாருக்கு என்று யோசியுங்கள்.

ஏதோ காரணத்தால் செட்டில்மென்ட்தான் செய்தாக வேண்டும் என்றால், பத்திரத்துக்குள்ளேயே இரண்டு வாக்கியங்கள் இருக்கட்டும். எழுதிக் கொடுப்பவரும் அவர் துணையும் ஆயுள் வரை அங்கேயே குடியிருக்கும் உரிமை. பெறுகிறவர் அவர்களுக்குச் சாப்பாடு, மருத்துவம், அன்றாடத் தேவைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் பத்திரம் ரத்து. இந்த வாக்கியங்களுக்கு நீதிமன்றத்தில் என்ன எடை என்பது தெரிந்த விஷயம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு, பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற வழி செய்கிறது. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் ஒரு தாயின் வழக்கில், சட்டத்தின் நோக்கம் முதியோரைக் காப்பதே, அதைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று சொத்தைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது. அந்த வழக்கிலும் மகன் கைப்பட எழுதிக் கொடுத்த உறுதிமொழிக் காகிதம் ஒன்று இருந்தது. வாய்ச்சொல்லை நம்பிப் பத்திரம் பதியாதீர்கள்.

நகைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பிள்ளையின் வியாபாரத்துக்கென்று அடகுக்குப் போன அம்மாவின் சங்கிலி திரும்பி வந்த கதை குறைவு. ஜாமீன் கையெழுத்தும் அப்படியே. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் வங்கி ஓய்வூதியக்காரர் வீட்டுக் கதவைத் தட்டும்.

பணத்தைத் தேடி வருகிறவர்கள்

2022 வாக்கில் வட மாவட்டங்களில் லட்சம் போட்டால் மாதம் பல்லாயிரம் என்று வசூலித்த நிறுவனங்களில் பணம் இழந்தவர்களில் ஓய்வூதியப் பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டவர்களும் உண்டு. முதல் சில மாதம் ஒழுங்காக வட்டி வரும், அதைப் பார்த்து அக்கா, மச்சான் எல்லாரையும் சேர்த்துவிடுவார்கள். அரசே மூத்த குடிமக்களுக்கு வருடத்துக்கு எட்டு சதவீதம் தரும்போது மாதத்துக்கு எட்டு தருகிறேன் என்பவர் எங்கிருந்து தருவார்? சீட்டு கட்டினால் பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தில் மட்டும். ஏமாந்துவிட்டால் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம், இதற்கென்றே 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

போனில் வருகிறவன் வேறு ரகம். போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து, "உங்க பேர்ல பார்சல்ல போதைப்பொருள் வந்திருக்கு, டிஜிட்டல் கைது" என்பான். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது என்று வீட்டில் உரக்கச் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் அடுத்த நிமிடமே 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்குக் கணக்காகத் தாவிக்கொண்டிருக்கும். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி பக்கத்தில் ஒட்டுங்கள். தினமும் எடுக்கும் தொகைக்கு ஏடிஎம், யுபிஐ இரண்டிலும் வரம்பு குறைத்துவிடுங்கள்.

பிள்ளைகளே கைவிட்டால்

இந்தப் பகுதி பெரியவர்களுக்கு. அதே 2007 சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, யார் யார் பிள்ளைகள், எங்கே இருக்கிறார்கள், மாதம் என்ன தேவை என்று விவரம் கொடுத்தால் போதும். எழுத முடியாதவர் சார்பில் வேறொருவர் கொடுக்கலாம். பெற்றோருக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளை இல்லாத மூத்த குடிமக்கள், தங்கள் சொத்து யாருக்குப் போய்ச் சேருமோ அந்த உறவினர் மீது கேட்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம், நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. உத்தரவை மதிக்காத பிள்ளைக்கு ஒரு மாதம் வரை சிறையும் உண்டு.

பெரும்பாலானவர்கள் போவதில்லை. "பெத்த பிள்ளை மேலயா கேஸ் போடுறது" என்று அழுதுவிட்டு வந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது: மனு வந்ததும் தீர்ப்பாயம் முதலில் சமரச அலுவலரிடம் அனுப்பலாம். இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசியே மாதத் தொகை முடிவாவதும் உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. பேசுபவர் உங்கள் மாவட்டத்தில் எந்த அலுவலகம், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார். போகும்போது ஆதார் நகல், செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அதன் நகல், மருந்துச் சீட்டுகள், மனுவின் இரண்டு பிரதிகள் இருக்கட்டும். ஒரு பிரதியில் முத்திரை குத்தி, தேதி போட்டு வாங்கிக்கொண்டு வரவும்.